அஞ்சு மூலைக் கல்: கணிதத்தைப் படைக்கிறோமா, கண்டுபிடிக்கிறோமா?

ஆத்தங்குடியில் கல் ஊற்றும் பட்டறை ஒன்றில் போன மாதம் ஒரு சின்ன வழக்கு நடந்தது. எங்கள் பழைய வீட்டுத் தரையில் ஒரு பகுதி பெயர்ந்துவிட்டது, புதுக்கல் பார்க்கப் போயிருந்தோம். கூட வந்தவள் என் ஆச்சி மகள் (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்). பிளஸ் டூ படிக்கிறாள். ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் சதுரக் கல்தானே கிடக்கிறது, நம் வீட்டில் மட்டும் ஐந்து மூலைக் கல் போட்டால் என்ன என்று கேட்டாள். ஐந்து பக்கமும் ஒரே நீளம், ஐந்து மூலையும் ஒரே விரிவு. பார்க்க நட்சத்திரம் உட்கார்ந்த மாதிரி இருக்குமாம்.

கல் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "அது சேராது பாப்பா. எடம் விழும்."

"அச்சு செஞ்சா?"

"அச்சு செய்யலாம். கல்லும் ஊத்தலாம். தரையில சேராது."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். "சேராதுன்னு முடிவு பண்ணது யாரு அம்மான்?"

நான் காரைக்குடியில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவன். "ஏன் சேராது" என்று கேட்டிருந்தால் பதில் சுலபம். ஒழுங்கான ஐங்கோணத்தின் ஒவ்வொரு மூலையும் 108 பாகை. தரையில் ஒரு புள்ளியைச் சுற்றி இருப்பது 360 பாகை. மூன்று கல்லை மூலையோடு மூலை ஒட்டினால் 324 ஆகிறது, 36 பாகைக்குச் சந்து விழுகிறது. நான்காவதை நுழைக்கப் பார்த்தால் 432, கல் மேல் கல் ஏறும். ஒரு கல்லின் மூலையை இன்னொரு கல்லின் பக்கத்தில் முட்டவைத்துப் பார்க்கலாமே என்றால், அங்கே 180 பாகை நிரம்ப வேண்டும். 108 போக 72 மிஞ்சும், அதில் அடைக்க இன்னொரு மூலை கிடையாது. முடிந்தது கதை.

ஆனால் அவள் கேட்டது "ஏன்" அல்ல, "யார்". கொத்தனாரின் கைத்தவறு இல்லை, சிமெண்டின் குறை இல்லை, அரசாங்க உத்தரவும் இல்லை. காரைக்குடியில் சேராத கல் ரங்கூனிலும் சேராது. மனிதர்களே இல்லாத காலத்திலும் சேர்ந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் இந்தச் "சேராது" எங்கே இருக்கிறது? கல்லில் இருக்கிறதா, நம் தலைக்குள் இருக்கிறதா, இரண்டிலும் சேராத வேறோர் இடத்திலா?

எது உண்மையில் இருக்கிறது, எந்த விதமாக இருக்கிறது என்று கேட்கும் துறைக்கு மெய்ப்பொருளியல் என்று பெயர். கடவுள், ஆன்மா, காலம் இவற்றைப் பற்றி மட்டும் பேசுகிற துறை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எண் என்ற ஒன்று இருக்கிறதா என்பதும் அதே வீட்டுக் கேள்விதான். இதோடு ஒட்டிப் பிறந்தது இன்னொரு கேள்வி. கணித மேதை என்று ஒருவரைச் சொல்கிறோமே, அவர் செய்வது படைப்பா? இருந்ததைத் தேடி எடுத்தவருக்குப் படைப்பாளி என்ற பட்டம் எப்படிப் பொருந்தும்? இல்லாததை உண்டாக்கினார் என்றால், ஐந்து மூலைக் கல்லைச் சேரவைக்க அவரால் ஏன் முடியவில்லை?

பட்டறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் கலவையைப் போட்டு மட்டப்படுத்துகிறார்கள். இறுகிய பிறகு தண்ணீரில் ஊறப் போட்டுக் காயவைக்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த முகம்தான் கடைசியில் தரையில் தெரிகிற முகம். அதனால் ஊற்றும்போது நாம் மேலிருந்து பார்ப்பது கல்லின் முதுகுப்பக்கம். இடமும் வலமும் மாறித்தான் விழும். பூவுக்கு அது பாதகமில்லை. வீட்டுப் பெயரைக் கல்லில் எழுதச் சொன்னால் எழுத்தை மாற்றித்தான் அச்சு வெட்ட வேண்டும்.

இதில் எத்தனையோ முடிவுகள் மனிதருடையவை. எந்தப் பூ, எந்த நிறம், ஓரத்தில் கொடியா கட்டமா எல்லாம் அவர் இஷ்டம். ஒரு கல்லின் கோலத்தைத் தரை முழுக்கப் பரப்பினால் எத்தனை விதமான ஒழுங்குகள் வரும் என்று கேளுங்கள். தரையை நகர்த்தினாலும், திருப்பினாலும், கண்ணாடியில் பார்த்தாலும் மாறாமல் இருக்கிற தன்மையை வைத்து வகை பிரித்தால் 17 வகை மட்டும்தான். 18-வது கிடையாது. இதை 1891-இல் ஃபெடரோவ் என்ற ரஷ்யர் படிகங்களை ஆராயும்போது நிறுவினார். 1924-இல் போல்யா என்ற ஹங்கேரிக் கணிதவியலார் தனியாக அதே 17-க்கு வந்து சேர்ந்தார். யார் தேடிப் போனாலும் அதே எண் நிற்கிறது. இருந்ததைக் கண்டுபிடித்தார்கள் என்ற கட்சிக்கு இது நல்ல சாட்சி.

ஆனால் குறுக்கு விசாரணை பாக்கி இருக்கிறது. 17 வந்ததற்குக் காரணம், "மாறாமல் இருப்பது" என்றால் என்ன என்று நாம் முதலில் வகுத்துக்கொண்டதுதான். கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி உட்கார்ந்தாலும் அதே தரைதான் என்று ஒத்துக்கொண்டு எண்ணினால், அப்படி நிறம் மாறுகிற ஒழுங்குகள் மட்டும் 46 வகை வருகின்றன. எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது நம் சுதந்திரம். கேட்டுவிட்ட பிறகு 46-ஐ 47 ஆக்க யாராலும் முடியாது. கணிதப் படைப்பைப் பற்றி நான் நம்புவது ஏறக்குறைய இதுதான். மற்றதெல்லாம் இந்த இடத்தைச் சுற்றித்தான்.

முதல் கட்சியின் பிதாமகர் பிளேட்டோ. அவருடைய உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ், கணக்கே படிக்காத ஓர் அடிமைப் பையனைக் கூப்பிட்டு, இந்தச் சதுரத்தைப்போல் இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரம் வரை என்கிறார். பையன் பக்கத்தை இரட்டிக்கிறான், பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. பிறகுதான் மூலைவிட்டம் அவன் கண்ணில் படுகிறது. நம் ஊரில் இதைத் தரையிலேயே பார்க்கலாம். நடுவில் மூலைக்கு மூலை கோடு ஓடும் சதுரக் கல் நான்கை, கோடுகள் சேர்ந்து ஒரு வைரம் ஆகும்படி வையுங்கள். வைரத்துக்குள் ஒவ்வொரு கல்லிலும் பாதி. நான்கு பாதி, ஆக இரண்டு கல். வைரமும் சதுரம்தான், அதன் பக்கம் கல்லின் மூலைவிட்டம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் பையன் இதை எப்படிக் கண்டான்? ஆன்மாவுக்கு முன்பே தெரியும், இப்போது ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான் என்கிறார் பிளேட்டோ. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. சாக்ரடீஸ் கேட்ட கேள்விகளே பாதிப் பதில். டியூஷனில் நானும் அப்படித்தான் பிள்ளைகளைக் "கண்டுபிடிக்க" வைக்கிறேன்.

இந்தக் கட்சிக்குப் பெரிய இடைஞ்சலைக் கொடுத்தவர் அமெரிக்கத் தத்துவவாதி பெனாசெராஃப், 1973-இல். அவர் சொன்னதை நம் வீட்டுக் கதையாகச் சொல்கிறேன். ஐயா ரங்கூனில் லேவாதேவி செய்த காலத்தில் அங்கே நடப்பது இங்கே எப்படித் தெரியும்? கப்பலில் கடுதாசி வரும், அல்லது ஆள் வந்து சொல்லுவார். எதையாவது அறிகிறோம் என்றால் அங்கிருந்து நம்மிடம் ஏதோ ஒன்று வந்து சேர வேண்டும். எண்களோ இடத்திலும் இல்லை, காலத்திலும் இல்லை என்கிறீர்கள். அவற்றின் ஊரிலிருந்து எந்தக் கப்பலும் வருவதில்லையே, பிறகு 17 என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? இதற்கு எல்லாரும் ஒத்துக்கொள்ளும் விடை இன்றும் இல்லை.

எதிர்க்கட்சி, கணிதத்தை ஆடுபுலி ஆட்டம் மாதிரி பார்க்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு, கட்டம், விதி எல்லாம் மனிதன் போட்டது. ஆட்டத்துக்கு வெளியே அந்தப் புலி எங்கும் இல்லை. கணிதமும் விதிப்படி குறிகளை நகர்த்துகிற ஆட்டம்தான் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருவருமே பிசகாமல் ஆடினால் ஜெயிப்பது புலியா ஆடா, அல்லது முடிவே வராதா? விதி போட்டவர் இதை விதியில் எழுதிவைக்கவில்லை. அவர் ஆசைப்பட்டபடியும் அது நடக்காது. ஆட்டம் நம்முடையது என்றாலும் அதற்குள்ளேயும் ஒரு "சேராது" வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மூன்றாவதாக டச்சுக் கணிதவியலார் பிரௌவர். மனம் கட்டி முடித்தது மட்டும்தான் கணிதத்தில் இருக்கிறது, நெய்யாத சேலைக்கு முந்தானை எங்கே இருக்கும் என்கிற ரகம். சுத்தமான நிலைப்பாடு. ஆனால் இதை ஏற்றால் நமக்குப் பழகிப்போன நிரூபணங்கள் பலவற்றைக் கைவிட வேண்டிவரும். அந்த விலையைக் கொடுக்கப் பெரும்பாலான கணிதவியலாருக்கு மனசு வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த விடை இங்கேயே, வைசேஷிகம் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபில் இருக்கிறது. அந்த மரபு எண்ணைப் பொருளின் ஒரு குணமாக வைக்கிறது. இந்த மாம்பழம் ஒன்று, அந்த மாம்பழம் ஒன்று. அந்த "ஒன்று" பழத்தோடேயே இருக்கிறது. ஆனால் "இரண்டு" எங்கே இருக்கிறது? இந்தப் பழத்தில் இல்லை, அந்தப் பழத்திலும் இல்லை. இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கும் அறிவு ஒன்று எழும்போதுதான் "இரண்டு" பிறக்கிறது, அந்த அறிவு அடங்கும்போது அதுவும் போய்விடுகிறது. அந்த அறிவுக்கு அபேட்சா புத்தி என்று பெயர். எண்ணுகிறவன் இல்லாமல் இரண்டு இல்லை. ஆனாலும் பழங்கள் இருந்ததால்தான் எண்ண முடிந்தது. படைப்பா கண்டுபிடிப்பா என்று மல்லுக்கு நிற்காமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். என்ன சங்கடம் என்றால், யாருமே எண்ணாத ஒரு பெரிய எண்ணைப் பற்றி இந்த விடையை வைத்துக்கொண்டு பேசுவது கஷ்டம்.

பெரிய தத்துவங்களைவிட எனக்கு நெருக்கமான சாட்சி அப்பத்தாவின் கோலம். வாசலில் சிக்குக் கோலம் போட உட்கார்ந்தால் முதலில் புள்ளி. வரிசைக்கு மூன்று வீதம் நான்கு வரிசை வைத்தால், புள்ளிகளுக்கு இடையே குறுக்காக ஓடி ஓரத்தில் மட்டும் திரும்புகிற கம்பி, எடுத்த இடத்துக்கே வந்து சேரும். ஒரே இழையில் கோலம் முடிந்துவிடும். மூன்றுக்கு மூன்று வைத்தால் முடியாது, மூன்று முறை கையை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு இழை. எத்தனை இழை வரும் என்பதற்கு விதி, இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அலுத்துக்கொண்டு போடும் அதே கணக்குதான். நம்பாவிட்டால் ஒரு தாளில் மூன்றுக்கு ஐந்து புள்ளி வைத்துப் போட்டுப் பாருங்கள், பேனாவை எடுக்காமல் முடியும். அப்பத்தா அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. "மூணுக்கு மூணு வச்சா பிரிஞ்சு போகும்டா" என்பாள், அவ்வளவுதான். கோலத்தைப் படைத்தது பெண்கள். அதற்குள் வகுத்தியை ஒளித்துவைத்தது யாரும் இல்லை.

எங்கள் ஊர்த் தொழிலிலிருந்தும் ஓர் உதாரணம் சொல்லலாம். பேரேட்டில் பற்று, வரவு என்று இரண்டு பக்கம் உண்டு. கடனையும் ஓர் எண்ணாகவே நடத்தலாம் என்று கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் விதிகள் எழுதிவைத்தார். நேர் எண்ணுக்குத் தனம் என்றும் எதிர் எண்ணுக்கு ருணம், அதாவது கடன் என்றும் பெயர் வைத்தார். கடனைக் கடனால் பெருக்கினால் தனம் என்பது அவர் விதி. கேட்டவுடன் வேடிக்கையாக இருக்கும். தலைக்கு 100 ரூபாய் வீதம் மூன்று பேரிடம் கடன்பட்டவனுக்கு அந்த மூன்று கடனையும் நீக்கிவிட்டால் 300 ரூபாய் கூடின மாதிரிதானே? இன்னும் கறாராகவும் காட்டலாம். 1-உம் −1-உம் சேர்ந்தால் 0. அதை −3-ஆல் பெருக்கினாலும் 0-தான். பிரித்துப் பெருக்கினால் முதல் பகுதி −3. மொத்தம் 0 ஆக வேண்டும் என்றால் இரண்டாம் பகுதி, அதாவது −3 × −1, +3 ஆக இருந்தே தீர வேண்டும். கடனை எண்ணாக்கியது மனித சாமர்த்தியம். பழைய பெருக்கல் வழக்கம் கெடக்கூடாது என்று முடிவு செய்தபின் இந்த +3 நம்மைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

ராமானுஜனைத் தொடாமல் தமிழில் இதைப் பேச முடியாது. சமன்பாடுகளை நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் காட்டுவதாக அவர் சொல்லியிருக்கிறார். 1913-இல் அவருடைய கடிதம் போய்ச் சேர்ந்த இடம் கேம்பிரிட்ஜில் கணிதவியலார் ஹார்டியின் மேசை. ஹார்டிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவரும் 1940-இல் எழுதினார், கணித உண்மை நமக்கு வெளியே இருக்கிறது, நாம் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறோம் என்று. பக்தரும் நாத்திகரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். ஆகவே கணிதம் வெளியே இருக்கிறது என்று சொல்வதற்குக் கடவுள் நம்பிக்கை வேண்டும் என்பதில்லை.

ராமானுஜன் கதையை நாம் சொல்லும் முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. கனவை மட்டும் சொல்கிறோம், பலகையை விட்டுவிடுகிறோம். காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் போட்டுப் போட்டு முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதியவர் அவர். இன்னொன்று, ஹார்டிக்கு எழுதியவற்றில் பகா எண்களைப் பற்றி அவர் சொன்ன சில முடிவுகள் தவறாகப் போயின. ஒரு யோசனை எங்கிருந்து வந்தது என்பது வேறு, அது சரியா என்பது வேறு. கனவில் வரலாம், கோயிலில் வரலாம், குளிக்கும்போது வரலாம். வந்த இடத்தைச் சொல்லி யாரும் நிரூபணத்திலிருந்து தப்பிக்க முடியாது. நாவலில் இப்படி ஒரு சோதனை கிடையாது, கணிதப் படைப்பு மற்ற படைப்பிலிருந்து பிரிகிற இடம் இதுதான். இடையில் ஓர் ஊர்ப்பெருமை: சென்னையில் ராமானுஜன் பெயரில் கணித நிறுவனத்தை 1950-இல் தொடங்கியவர் நம் அழகப்பச் செட்டியார். அதன் முதல் இயக்குநர் விஜயராகவன், ஹார்டியின் மாணவர்.

யோசனை வருகிற கணத்தை நன்றாகச் சொல்லியிருப்பவர் பிரெஞ்சுக் கணிதவியலார் புவான்கரே, 1908-இல். பதினைந்து நாள் ஒரு கணக்கோடு மல்லாடியவர், பிறகு அதை மறந்து ஓர் உலாவுக்குப் போகிறார். குதிரை வண்டியின் படியில் கால் வைத்த நொடியில் விடை பளிச்சென்று வந்து நிற்கிறது. பேச்சைக்கூட நிறுத்தவில்லையாம், ஊர் திரும்பிய பிறகுதான் சரிபார்த்தார். தேவகோட்டை பஸ் படியில் கால் வைத்தால் நமக்கு வருவது சில்லறை ஞாபகம்தான், ஏனென்றால் அந்தப் பதினைந்து நாளை நாம் போட்டிருக்க மாட்டோம். புவான்கரே சொல்லும் காரணம் யோசிக்கத்தக்கது. சேர்க்கைகளை உண்டாக்குவது பெரிய காரியமில்லை, அவை கணக்கில் அடங்காதவை, பெரும்பாலும் குப்பை. எதை எடுத்துக்கொள்வது என்பதில்தான் படைப்பு இருக்கிறது. மனதின் அடியில் ஒரு சல்லடை ஓடுகிறது, அதன் கண்ணி அழகுணர்ச்சியால் ஆனது என்கிறார். பட்டறைப் பெரியவரும் கிட்டத்தட்ட அப்படித்தான். எந்தப் பூவும் எந்தக் கொடியோடும் சேரும், ஆனால் அவர் சேர்ப்பது நாலைந்தைத்தான்.

இதையெல்லாம் ஒரு வாரமாக அவளிடம் பகுதி பகுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பெனாசெராஃபும் வேண்டாம், பிரௌவரும் வேண்டாம். "ஒழுங்கான அஞ்சு மூலை சேராது. சரி. ஒழுங்கில்லாத அஞ்சு மூலை?" என்றாள்.

அது கணித உலகம் நூறு ஆண்டு திண்டாடிய கேள்வி என்று அவளுக்குத் தெரியாது. குழிவில்லாத ஐங்கோணங்களில் தரையை நிரப்பக்கூடியவை எத்தனை வகை? பட்டியல் முடிந்தது என்று 1960-களில் ஒருமுறை நினைத்தார்கள். 1970-களில் மார்ஜரி ரைஸ் என்ற அமெரிக்க இல்லத்தரசி, பள்ளிக்கூடத்தோடு கணிதப் படிப்பை நிறுத்தியவர், பத்திரிகையில் இதைப் படித்துவிட்டு அடுப்படி மேடையில் வரைய ஆரம்பித்தார். குறியீடுகள்கூட அவராக உண்டாக்கிக்கொண்டவை. நான்கு புது வகைகளைக் கண்டார். பதினைந்தாவது 2015-இல் வந்தது. அதற்கு மேல் இல்லை என்று 2017-இல் மிக்கேல் ராவ் கணினி உதவியோடு நிரூபணம் கொடுத்தார். அந்தக் குறியீடு ரைஸின் படைப்பு. பதினைந்து யாருடைய படைப்பும் இல்லை.

மறுநாள் காலையில் பழைய காலண்டர் அட்டையை வெட்டித் தரையில் பரப்பிவைத்திருந்தாள். சின்னப் பிள்ளைகள் வரைகிற வீடு மாதிரி வடிவம், கீழே சதுரம், மேலே முக்கோணக் கூரை. எண்ணிப் பார்த்தால் ஐந்து மூலை. ஒரு வரிசை வீடுகள் நேராக, அடுத்த வரிசை தலைகீழாக. இந்தக் கூரைகளுக்கு இடையில் விழும் பள்ளத்தில் அந்தக் கூரைகள் கச்சிதமாக இறங்கி உட்கார்ந்திருந்தன.

போட்டோ எடுத்துப் பட்டறைப் பெரியவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினோம். சாயங்காலம் குரல் பதிவு வந்தது. "இது சேரும் பாப்பா. ஆனா ஓரத்துக்குப் பாதிக் கல்லு தனியா ஊத்தணும். அச்சுக் கூலி வேற. அம்மான்கிட்ட கேட்டுச் சொல்லு."